உரோமும் வேங்கடமும்

திருமலைத் திருக்கோயிலில் வரிசையில் நின்று மெல்ல நகரும் அன்பர்கள் பலர், தம் தோளுக்கு அருகேயுள்ள சுவரில் எழுத்துகள் இருப்பதைக் காண்பதில்லை. கண்டவருள்ளும் அஃது எம்மொழி என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பெருமாளைக் காணும் ஆர்வத்தோடு வந்தவரைச் சுவரைப் பார்க்கவில்லையே என்று குறைகூறுதல் முறையன்று. ஆயினும் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்ந்து, வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசிப் பழகிய நாம், அச்சுவரின்முன் சற்றே நிற்கக் கடமைப்பட்டுள்ளோம்.

திருமலையிலும், கீழ்த்திருப்பதிக் கோவிந்தராசர் கோயிலிலும், அவற்றைச் சார்ந்த பிற கோயில்களிலும் ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. 1931 தொடங்கி 1938 வரை ஆறு தொகுதிகளாகத் தேவஸ்தானத்தார் அவற்றை அச்சிட்டு வழங்கினர். அவற்றுள் தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவை ஏறத்தாழ ஐம்பதே. எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவர், சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் இருத்தல் இயல்பே. பத்தாம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்னும் பல்லவப் பெருமாட்டியின் கொடை தமிழில் பொறிக்கப்பட்டதில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று. இக்கல்வெட்டுகளிற் பெரும்பகுதி விசயநகர வேந்தர் காலத்தவை. கன்னடமும் தெலுங்கும் வழங்கிய அரசவையினர், படைகொண்டு வந்து தமிழகத்தை வென்றவர்கள், தம் கொடைகளை வெல்லப்பட்டோர் மொழியில் பொறிக்க இசைந்தது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் நாம் நெடுந்தொலைவு சென்று வருதல் வேண்டும். இத்தகைய நிகழ்ச்சி உலக வரலாற்றில் முன்பே ஒருமுறை நடந்துள்ளது. உரோமர் கிரேக்கரை வென்ற கதையே அது.

கி.மு. 197இல் மாசிதோனிய வேந்தனை முறியடித்த உரோமப் படைத்தலைவன் பிளமினினஸ், மறு ஆண்டில் கொரிந்து நகருக்கு அருகே நடந்த விளையாட்டு விழாவில், கிரேக்க நகரங்கள் யாவும் இனி உரிமையுடையன என்று முரசறைவித்தான். அப்போது மக்கள் எழுப்பிய ஆரவாரத்தால் மேலே பறந்த காக்கைகள் மயங்கி விழுந்தன என்று புளூட்டார்க் எழுதுகிறார். காக்கைகள் விழுந்தனவோ இல்லையோ, அவ்வுரிமை நெடுநாள் நிற்கவில்லை. கி.மு. 168இல் பித்னாப் போரில் மாசிதோனியா வீழ்ந்தது. அடுத்த ஆண்டு எபிரஸ் நாட்டில் எழுபது ஊர்கள் சூறையாடப்பட்டு, நூற்றைம்பதினாயிரவர் அடிமைகளாக விற்கப்பட்டனர். உரிமை முரசறைந்து ஐம்பது ஆண்டு கழிந்தபின், கி.மு. 146இல், முரசு ஒலித்த அதே கொரிந்து நகரைப் படைத்தலைவன் மும்மியஸ் தீக்கிரையாக்கினான். தொல்சிறப்பு வாய்ந்த ஓவியங்களைத் தரையில் கிடத்தி உரோம வீரர்கள் அவற்றின்மேல் சூதாடியதைப் பொலிபியஸ் என்னும் வரலாற்றாசிரியர் தம் கண்ணாற் கண்டு எழுதினார். சிற்பங்களைக் கப்பலேற்றியபோது, இவற்றைத் தொலைத்தால் புதியன செய்து தரல் வேண்டும் என்று மும்மியஸ் மாலுமிகளுக்கு ஆணையிட்டானாம். கலையருமை அறியாமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. கி.மு. 86இல் சுல்லாவின் படை ஏதென்ஸ் நகருட் புகுந்து குருதி பெருக்கியது. கி.மு. 27இல் அகுஸ்தஸ் ஆட்சியில் கிரேக்கம் அக்காயா என்னும் பெயரில் உரோம மாநிலங்களுள் ஒன்றாயிற்று.

வாளின் கதை இத்துடன் முடிந்தது. மொழியின் கதையோ இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இலத்தீன் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் இலிவியஸ் அந்திரோனிக்கஸ், தாரெந்தம் என்னும் கிரேக்க நகரிலிருந்து சிறைப்பட்டு வந்தவர் என்பது மரபு. கி.மு. 240இல் உரோமில் முதன்முதல் நாடகம் அரங்கேற்றியவர் அவர். ஹோமரின் ஒடிசியை இலத்தீனில் ஆக்கியவரும் அவரே. கி.மு. 155இல் ஏதென்ஸிலிருந்து தூதராக வந்த மெய்யியலறிஞர் மூவர் பேச்சில் உரோம இளைஞர் மயங்கி நின்றதைக் கண்டு அஞ்சிய முதியவர் கேட்டோ, அவர்களை விரைந்து ஊருக்கனுப்புமாறு மன்றத்தை வற்புறுத்தினார். அக்கேட்டோவே முதுமையில் கிரேக்க நூல்களைக் கற்க அமர்ந்தார் என்பர். பின்னர்ச் சிசரோ ஏதென்ஸிலும் ரோட்ஸ் தீவிலும் பயின்றார். வெல்லப்பட்ட கிரேக்கமே வென்றவரை வென்றது என்பதைக் கவிஞர் ஹோரேஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் தம் உள்ளத்தோடு தாமே பேசி எழுதிய குறிப்புகளைக் கிரேக்கத்திலேயே எழுதினார்.

இவை கற்றோர் பலரும் அறிந்தவை. நம் ஆய்வுக்கு இவற்றினும் பயன்படுவது மற்றொரு செய்தி. உரோமர் தம் பேரரசின் கிழக்குப் பகுதியை இலத்தீனில் ஆளவில்லை, கிரேக்கத்திலேயே ஆண்டனர். ஆணைகள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டே ஊர்களில் நாட்டப்பட்டன. அங்காரா நகரக் கோயிற் சுவரில் அகுஸ்தஸின் வாழ்க்கைச் செயல்கள் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டுள்ளதை இன்றும் காணலாம். வரி தண்டுதல், வழக்குத் தீர்த்தல், கடன் முறி எழுதுதல் ஆகிய அனைத்தும் கிரேக்க எழுத்தர் கையில் இருந்தன. இதற்குச் சான்று தேடி நாம் அலைய வேண்டுவதில்லை; நம் முசிறியே சான்று. முசிறிக்குச் சென்று மீளும் வணிகம் பற்றி இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தத் தாள் ஒன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. ஆட்சி உரோமருடையது, ஒப்பந்தத்தின் மொழி கிரேக்கம். தமிழகத் துறைகளை விரித்துரைக்கும் செங்கடல் வழிநூலும் உரோம ஆட்சிக் காலத்தில் கிரேக்கத்தில் எழுந்ததே. உரோமக் காசுகளைக் கைநிறையப் பெற்ற நம் முன்னோர், கொண்டுவந்தவரை யவனர் என்றே அழைத்தனர். அயோனியக் கிரேக்கரைக் குறித்த சொல் அது. நம்மவர் காதில் உரோமப் பேரரசு கிரேக்கப் பெயரோடுதான் வந்து சேர்ந்தது.

இனி வேங்கடத்திற்கு மீள்வோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகத்திற்கு வட எல்லையாக வைத்த மலை இது. எல்லை என்பது இருபுறத்தாரும் சந்திக்கும் இடமாகையால், இங்கு இருமொழியும் தொன்றுதொட்டே வழங்கியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. 1953இலும் 1956இலும் 1960இலும் வரையப்பட்ட மாநில எல்லைகள் பற்றிய வழக்கிற்குச் சான்றுரைக்க இக்கட்டுரை வரவில்லை. அவ்வழக்கைப் பேசியவர் பலர். நாம் பேசுவது அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட செய்தி.

பதினான்காம் நூற்றாண்டில் திருப்பதிப் பகுதியை யாதவராயரும், அதன் தெற்கே படைவீட்டைச் சார்ந்த தொண்டை நாட்டைச் சம்புவராயரும் ஆண்டனர். 1336இல் தோன்றிய விசயநகர அரசு அவர்கள்மீது படையெடுத்தது. முதலாம் புக்கரின் மைந்தர் குமார கம்பணர் முள்பாகலிலிருந்து இறங்கிவந்து, விரிஞ்சிபுரத்தில் தங்கி, சம்புவராயரை வென்று, பின்னர் மதுரைச் சுல்தானையும் வீழ்த்தினார். இவ்வெற்றியைப் பாடியவர் கம்பணரின் தேவியார் கங்காதேவி. 'மதுரா விசயம்' என்னும் அவ்வடமொழிக் காவியம் வெற்றி பெற்றோர் மனையிலிருந்து எழுந்த குரல். கிரேக்கருக்குப் பொலிபியஸ் வாய்த்தார். பிணையாகப் பிடிபட்டு உரோமில் பதினாறு, பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, தம் மக்களை வென்றவர் எங்ஙனம் வென்றனர் என்பதை நாற்பது நூல்களாக எழுதிய பெருமகன் அவர். தொண்டை நாட்டில் அத்தகைய வரலாற்றாசிரியர் எழவில்லை. அவருக்கு மாறாக நமக்கு வாய்த்தவர்கள் கோயிற் கணக்கர்கள்.

வந்தவர்கள் திருமலையில் முதலிற் செய்தது என்ன? கம்பணருடன் நின்று போரிட்ட சாளுவ மங்கிதேவர் 1359இல் திருமலைக் கோயில் விமானத்தின்மீது பொற்கலசம் வைத்தார். கொரிந்து நகரத்துச் சிற்பங்களைக் கப்பலேற்றிய மும்மியஸையும், வேற்று நாட்டுக் கோயிலுக்குப் பொற்கலசம் ஏற்றிய மங்கிதேவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இரு வெற்றிகளின் வேறுபாடு விளங்கும். வேற்று நாடு என்றோமே தவிர, மங்கிதேவருக்கு வேங்கடத்துப் பெருமாள் வேற்றுத் தெய்வம் அல்லர். வென்றவரும் தோற்றவரும் ஒரே தெய்வத்தின்முன் கைகூப்பியது இங்கே நிகழ்ந்தது. உரோமரும் கிரேக்கத் தெய்வங்களைத் தம் தெய்வங்களோடு ஒன்றாக்கிக் கொண்டனர். ஆனால் கொள்ளையிட்ட பின்னர்.

மதுரைச் சுல்தானியர் காலத்துக் குழப்பத்தில் திருவரங்கத்துப் பெருமாள் திருமேனி பல ஊர் அலைந்து, இறுதியில் திருமலையில் அடைக்கலமாக இருந்தது. செஞ்சியில் இருந்த விசயநகர அதிகாரி கோபண்ணர் அதனைத் திருமலையிலிருந்து கொண்டுசென்று 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். திருமலையில் உள்ள ரங்கநாயகர் மண்டபம் அவ்வடைக்கலத்தை நினைவூட்டுகிறது. வென்று வந்த அரசின் அலுவலர் தமிழ் வைணவத்தின் தலைமைத் தெய்வத்தை மீட்டுத் தந்தார் என்பதை நம் தமிழ்ப்பற்று மறக்கலாகாது.

ஆனால் பக்தி ஒன்றே கல்வெட்டு மொழியைத் தீர்மானித்தது என்று கூறுதல் பொருந்தாது. பக்தியைத் தெலுங்கிலும் பொறித்திருக்கலாமே. விடை, கொடை நிறைவேறிய முறையில் உள்ளது. அரசரோ படைத்தலைவரோ வணிகரோ கோயிலுக்குப் பணம் அளிப்பார். ஸ்தானத்தார் என்னும் கோயில் ஆட்சிக்குழுவினர் அப்பணத்தைக் கோயிலின் திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவிடுவர். நீர்வளத்தால் மிகும் விளைவைக் கொண்டு கொடையாளர் பெயரால் நாள்தோறும் திருப்போனகமும் அப்பமும் அதிரசமும் படைக்கப்படும். படைத்ததில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். அவர் அதனைத் தாமே பெறலாம். மடத்திற்கோ அடியார்க்கோ அளிக்கலாம். கல்வெட்டு இவ்வேற்பாட்டின் உடன்படிக்கை. எத்தனை நாழி அரிசி, எத்தனை பலம் சர்க்கரை, எவ்வளவு மிளகு, எந்தத் திருநாளில் எத்தனை அதிரசப்படி என்னும் விவரங்கள் யாவும் அதில் வருதல் வேண்டும். கொடுப்பவர் எம்மொழியினராயினும், எழுதிக்கொடுப்பவர் ஸ்தானத்தார். அவர்தம் கணக்கு தமிழ்க் கணக்கு. பேரரசின் யானைப்படையும் குதிரைப்படையும் இக்கணக்கரின் ஓலைச்சுவடியை மாற்ற முயலவில்லை. மாற்றியிருந்தால் மடைப்பள்ளி மறுநாளே நின்றிருக்கும். உரோமர் எகிப்தின் கிரேக்க எழுத்தரை அவ்வாறே விட்டுவைத்ததும் இக்காரணத்தாலேயாம். அரச மரபு மாறினாலும் அளவைகளும் பேரேடும் எளிதில் மாறுவதில்லை.

இதனால் தெலுங்கு தாழ்ந்து நின்றது என்று எவரும் எண்ணற்க. இதே திருமலையில்தான் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்கில் பல்லாயிரம் கீர்த்தனைகள் பாடினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைக்கப்பட்டன. சுவர்க் கல் தமிழ் பேச, செப்பேடு தெலுங்கு பாடிற்று. சந்திரகிரியிலிருந்து ஆண்டு 1485இல் பேரரசராக உயர்ந்த சாளுவ நரசிம்மர், இராமானுச கூடம் என்னும் அன்னசாலையைக் கந்தாடை இராமானுச அய்யங்கார் பொறுப்பில் விட்டார். தெலுங்கு வேந்தர்க்குத் தமிழ் ஆசாரியர் துணை. தமிழ் வாசகம் நிறைந்த கோயிலுக்குத் தெலுங்குப் பாடகர் ஒளி. சந்திரகிரிக் கோட்டைக்கு நம் இளைஞர் உலாப்போகும்போது இதனையும் எவரேனும் சொல்லித் தருதல் நன்று.

இவ்வுறவின் கொடுமுடி கிருஷ்ணதேவராயர் (1509–1529). 1513ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருமலைதேவி, சின்னாதேவி என்னும் தேவியர் இருவருடன் முதன்முதல் மலையேறி வந்தார். அதன்பின் பன்முறை வந்தார். உதயகிரியை வென்று மீண்ட 1514இல் முப்பதினாயிரம் பொன்னால் பெருமாளுக்குக் கனகாபிடேகம் செய்தார். 1518இல் விமானத்திற்குப் பொன்வேய்ந்த பணி நிறைவுற்றது. அவருடைய கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் சுவரேறின. அங்காராவின் இருமொழிச் சுவரை இங்கே மீண்டும் நினைவுகூர்க. அவரும் தேவியரும் கைகூப்பி நிற்கும் செப்புத் திருவுருவங்கள் கோயிலின் நுழைவாயிலை அடுத்த மண்டபத்தில் உள்ளன. பேரரசர் அங்கே வாளேந்தி நிற்கவில்லை.

இவ்வரசர் கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணை ஆற்றங்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்கினார். அங்கு ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றித் தெலுங்கில் காவியம் செய்யுமாறு பணித்தார் என்று அவரே எழுதினார். அங்ஙனம் எழுந்தது 'ஆமுக்தமால்யதா', தெலுங்கின் ஐம்பெருங் காவியங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது, திருவேங்கடமுடையானுக்கே உரிமையாக்கப்பட்டது. அதன் பொருள் என்ன? வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் அவர் மகளார் கோதையும். இடையே ஆளவந்தாரின் வரலாறும், பண்பாடி இரவைக் கழித்த நம்பாடுவான் கதையும் வருகின்றன. தலைப்பையே நோக்குக: தான் அணிந்த மாலையைக் கழற்றிக் கொடுத்தவள் என்பது அதன் பொருள். சூடிக்கொடுத்த நாச்சியார் என்னும் நம் தமிழ்ப் பெயரே வடசொல் உடை உடுத்துத் தெலுங்குக் காவியத்தின் நெற்றியில் அமர்ந்திருக்கிறது. கலிங்கத்தை நோக்கிப் படைநடத்திய வேந்தன் பாசறையில், தெலுங்குத் தெய்வத்தின் ஆணைப்படி, தமிழ்ப்பெண் ஒருத்தியின் காதலைப் பாட இசைந்தான். ஒடிசியை இலத்தீனாக்கிய அந்திரோனிக்கஸ் சிறைப்பட்டு வந்த கிரேக்கர். இங்கோ அப்பணியைச் செய்தவர் வெற்றிவேந்தரே. ஒன்றை மட்டும் வேறுபடுத்தல் வேண்டும். இலத்தீன் இலக்கியம் அந்திரோனிக்கஸிடம் தொடங்கிற்று. தெலுங்கிலோ நன்னயர் காலந்தொட்டு ஐந்நூறு ஆண்டு காவிய மரபு முன்பே செழித்திருந்தது. இல்லாமையால் கடன் வாங்கவில்லை. இருந்தும் விரும்பி எடுத்துக்கொண்டனர்.

இவ்வளவும் கூறியபின், இனிமையான பகுதியோடு நிறுத்திக்கொள்ளுதல் எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. உரோமர் போற்றியது பண்டைக் கிரேக்கரை. தம் காலத்துக் கிரேக்கரை அவர்கள் அத்துணை மதிக்கவில்லை. ஆசியா மாநிலத்தை ஆளச் சென்ற தம்பிக்குக் கடிதம் எழுதிய சிசரோ, தாம் கற்றவை கிரேக்கர் தந்தவையே என்று நன்றி பாராட்டினார். அதே கடிதத்தில், இக்காலத்துக் கிரேக்கரிடம் நட்புக் கொள்ளுங்கால் விழிப்பாயிரு என்றும் எச்சரித்தார். கோதையைப் பாடியவர் ஆட்சியின் மறுபக்கத்தையும் நாம் அங்ஙனமே பார்த்தல் வேண்டும். கிருஷ்ணதேவராயருக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு முன்பு, இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429இல், காவிரி நாட்டில் வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடின. தம்முள் ஓயாது பூசலிட்ட அவ்விரு பிரிவாரையும் ஒன்றுசேர்த்தது வரிச்சுமை. முறையான வரி இன்னது, அதற்குமேல் கேட்டால் கொடோம், உடன்பட்டுக் கணக்கெழுதுவோரையும் பொறோம் என்று தீர்மானித்துக் கோயிற் சுவர்களில் வெட்டிவைத்தனர். கொறுக்கையில் உள்ள கல்வெட்டு அவற்றுள் ஒன்று. அக்கல்லும் தமிழ் பேசுகிறது. திருமலைச் சுவரில் அதிரசக் கணக்கு எழுதிய அதே மொழி, அங்கே உழவன் வயிற்றுக் கணக்கை எழுதிற்று. வென்றோர் நம் மொழியைப் போற்றினர் என்பதும் மெய். நம் உழவர் அவர்கள் வரியால் நலிந்தனர் என்பதும் மெய். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் வரலாறு எழுதுவதில்லை, வாழ்த்துப்பா எழுதுகிறார்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்தது. எஞ்சிய அரசர் பெனுகொண்டாவிலும் பின்னர்ச் சந்திரகிரியிலும் வேலூரிலும் தங்கி ஆண்டனர். கொடைகள் குறைந்தன, சுவரில் உளியோசையும் அருகிற்று. கிரேக்க மொழியோ உரோம் நகர் வீழ்ந்த பின்னும் கொன்ஸ்தாந்திநோபிளில் 1453 வரை பேரரசின் மொழியாக வாழ்ந்தது. தமிழுக்குத் திருமலையில் அத்தகைய அரசுநிலை வாய்க்கவில்லை, வழிபாட்டில் வாய்த்தது. மார்கழி முழுவதும் அங்கே சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவை ஒலிக்கிறது. பிரமோற்சவத்துக் கருடசேவைக்கு வில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை வந்து சேர்கிறது. கேட்போரிற் பெரும்பாலோர் தெலுங்கர். தமிழறியாத அவர்களுள் பலர் திருப்பாவையைத் தெலுங்கெழுத்தில் வைத்துப் பிழையின்றி ஓதுகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழெழுத்தில் அதனை ஓத இயலுமா என்பதைப் பெற்றோரே தத்தம் வீட்டில் கேட்டறிந்து கொள்வாராக.

சுவரில் நாம் கடைசியாக நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. அரசர் பெயரும் விருதும் மேலே நீண்டு செல்லும். சந்திராதித்தர் உள்ளவரை இது நடப்பதாக என்னும் வாசகம் இறுதியில் வரும். அதற்கும் கீழே, பெரும்பாலான கல்வெட்டுகளில், கோயிற் கணக்குத் திருநின்றவூருடையான் எழுத்து என்று ஒருவர் கையெழுத்திட்டிருப்பார். சாளுவர் காலத்திலும் அவர், துளுவர் காலத்திலும் அவர். வழிவழியாக அப்பணி ஏற்ற கணக்கர் அனைவர்க்கும் அதுவே பெயர். ஏறத்தாழ இருநூறு மைல் தொலைவிலிருந்து ஆணை வந்தபோதும் எழுதியவர் அவரே. திருநின்றவூர் இன்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் புகைவண்டியில் வரும் அன்பர்கள் அவ்வூரைக் கடந்தே வருகின்றனர்.